ரிலே அணையும் நொடியில் என்ன நடக்கிறது? ஏற்காட்டுத் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காக முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் உங்கள் குடும்பத்துக்குச் சிறிய காப்பித் தோட்டம் இருக்கிறது. கீழே கிணறு, மேட்டில் தொட்டி. தொட்டி நிறைந்ததும் மோட்டார் தானாக நிற்க வேண்டும் என்று அட்மெகா328பி மைக்ரோகண்ட்ரோலரை (நிரல் எழுதி இயக்கும் சிப்) வைத்து ஒரு போர்டு செய்தீர்கள். பிசி547 டிரான்சிஸ்டர், 12 வோல்ட் ரிலே, அதாவது காயில் என்ற கம்பிச் சுருளின் காந்தம் இழுத்து இயக்கும் சுவிட்ச். அந்த ரிலேயின் தொடர்பு (சேர்ந்து பிரியும் உலோக முனைகள்), ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் மோட்டாரை இயக்கும் பெரிய ரிலேயான 230 வோல்ட் காண்டாக்டரை இயக்குகிறது. வீட்டு மேஜையில் ஒரு வாரம் குறையில்லாமல் ஓடிய போர்டு, மோட்டார் அறைக்குப் போனதும் மோட்டார் நிற்கும்போதெல்லாம் ரீசெட் ஆனது, அதாவது முதலிலிருந்து மறுபடி தொடங்கியது. மூன்றாவது வாரம் சிப்பே செத்துவிட்டது. “ரிலேக்கு டயோடு போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். எந்த டயோடு, எந்தப் பக்கம், எதற்காக?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

விடையை முதலிலேயே சொல்கிறேன். டயோடு என்பது மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு. அதில் 1என்4007 போதும். ரிலே காயிலின் இரண்டு கால்களுக்கும் குறுக்கே, வெள்ளிக் கோடு உள்ள முனை 12 வோல்ட் பிளஸ் பக்கம் இருக்கும்படி சால்டர் செய்யுங்கள். ஆனால் அத்தோடு உங்கள் தொல்லை தீராது. உங்களிடம் இருப்பது இரண்டு காயில். ஒன்று போர்டில் இருக்கும் சின்ன ரிலேக்குள். இன்னொன்று ஸ்டார்ட்டர் பெட்டியில் உள்ள காண்டாக்டருக்குள். இரண்டாவதுதான் பெரியது, கொடியது. அதற்கு டயோடு போடவே கூடாது. அது ஏசி காயில். டயோடு போட்டால் ஒரு பாதி அலைக்கு நேரடி ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். பியூஸ் போகும், அல்லது டயோடு வெடிக்கும். இந்த ஒரு எச்சரிக்கையை மட்டுமாவது மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

காயில் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பது உங்கள் தோட்டத்துக் குழாயிலேயே தெரியும். கிணற்றிலிருந்து மேட்டுக்கு நீளமான குழாயில் தண்ணீர் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது யாராவது கேட் வால்வைச் சட்டென்று மூடினால் என்ன ஆகும்? ‘டம்’ என்று குழாய் முழுவதும் அதிரும். சில நேரம் இணைப்பே பிய்த்துக்கொண்டு போகும். மோட்டார் அவ்வளவு அழுத்தத்தைக் கொடுக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த தண்ணீரை ஒரு நொடியில் நில் என்றால் அது நிற்காது. அதன் வேகம் முழுவதும் அழுத்தமாக மாறி, தடுப்பவனை மோதும். காயிலில் ஓடும் மின்னோட்டமும் அப்படித்தான். அது உண்டாக்கிய காந்தப் புலத்தில் ஆற்றல் சேர்ந்திருக்கிறது. டிரான்சிஸ்டர் சட்டென்று பாதையை மூடினால், மின்னோட்டம் அதே திசையில் தொடர்ந்து ஓடப் பார்க்கிறது. பாதை இல்லாதபோது காயில் தன் முனைகளில் வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போகும், எங்காவது ஒரு வழி உடைந்து திறக்கும்வரை. இந்தத் தன்தூண்டலை 1832இல் எழுதி வெளியிட்டவர் அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி. காயிலின் தூண்டலை அளக்கும் அலகு இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

எவ்வளவு ஏறும்? 12 வோல்ட் ரிலே காயிலின் தடை பொதுவாக 400 ஓம். அப்படியானால் 30 மில்லியாம்பியர் ஓடுகிறது. கணக்குக்காகக் காயிலின் தூண்டலை 0.1 ஹென்றி என்றும், காயிலிலும் வயரிலும் தானாக ஒளிந்திருக்கும் கெபாசிட்டன்ஸை (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) 100 பிகோபாரட் என்றும் வைத்துக்கொள்வோம். காயிலில் இருக்கும் ஆற்றல் முழுவதும் அந்தக் கெபாசிட்டன்ஸுக்குள் போனால் வோல்டேஜ் சுமார் 950 வரை ஏறும். உங்கள் போர்டில் அது 950ஐத் தொடாது. ஏனென்றால் பிசி547 தாங்குவது 45 வோல்ட். அதற்குமேல் அது உடைந்து வழிவிடும். அந்தத் தாக்குதலை ஒவ்வொரு முறையும் வாங்குவது உங்கள் டிரான்சிஸ்டர்தான். கலெக்டர் (ரிலே பக்கக் கால்), பேஸ் (கட்டுப்படுத்தும் கால்) இரண்டுக்கும் இடையே அது ஒருநாள் நிரந்தரமாக உடைந்துபோனால், 12 வோல்ட் பேஸ் வழியாக மைக்ரோகண்ட்ரோலரின் பின்னை (சிப்பின் காலை) நோக்கி வரும். நடுவே நீங்கள் வைத்திருக்கும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்தான் அப்போது ஒரே காவல். அதைக் குறைக்காதீர்கள். 4 மில்லியாம்பியர் பேஸுக்குப் போகிறது, 30 மில்லியாம்பியர் ரிலேக்கு அது தாராளம்.

கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்றால் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். லைன் டெஸ்டருக்குள் இருக்கும் நியான் குமிழை மட்டும் தனியாக எடுங்கள். டயோடு இல்லாத ரிலே காயிலுக்குக் குறுக்கே அதை இணையுங்கள். 12 வோல்ட் பேட்டரியின் வயரைக் காயிலில் தொட்டு எடுங்கள். தொடும்போது ஒன்றும் இருக்காது. எடுக்கும்போது குமிழ் ஒருமுறை மின்னும். அந்தக் குமிழ் எரிய 60 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். பேட்டரியில் இருப்பதோ 12. மீதி எங்கிருந்து வந்தது? பிறகு டயோடைச் சேர்த்துவிட்டு அதையே செய்யுங்கள். மின்னல் நின்றுவிடும். வயரின் காப்புறையை மட்டும் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். வெறும் முனையைத் தொட்டால் சுள்ளென்று ஒரு அடி விழும்.

இதே சங்கதியை வேண்டுமென்றே பயன்படுத்துகிற இடமும் உண்டு. பாயிண்ட் வைத்த பழைய பெட்ரோல் ஜீப்பின் இக்னிஷன் காயில். பாயிண்ட் திறக்கும் நொடியில் காயில் மின்னோட்டம் அறுபடுகிறது, அப்போது எழும் வோல்டேஜ் உதையைப் பல மடங்கு பெருக்கித்தான் பிளக்கில் பொறி பறக்கிறது. பாயிண்டுக்குப் பக்கத்தில் ஒரு கண்டென்சர் இருக்குமே, அது கெட்டால் பாயிண்ட் கருகும் என்று மெக்கானிக் சொல்வாரே, அதை நினைவில் வையுங்கள். காண்டாக்டருக்கு வரும்போது அந்தக் கண்டென்சரின் உறவுக்காரனைத்தான் தேடப்போகிறோம்.

இப்போது டயோடு. அது காயிலுக்குக் குறுக்கே தலைகீழாக உட்கார்ந்திருக்கிறது. ரிலே இயங்கும்போது அதற்கு வேலையே இல்லை. அதன் வழியாக ஒன்றும் ஓடாது. டிரான்சிஸ்டர் மூடியதும் காயிலின் கீழ்முனை (டிரான்சிஸ்டர் பக்கம்) 12 வோல்ட்டைத் தாண்டி 0.7 வோல்ட் ஏறிய உடனே டயோடு திறந்துகொள்கிறது. மின்னோட்டம் காயில், டயோடு, மீண்டும் காயில் என்று தன் சொந்த வட்டத்திலேயே சுற்றி, காயிலின் தடையில் சூடாகிக் கரைந்துவிடுகிறது. மூடிய வால்வுக்கு முன்னால் ஒரு சுற்றுக்குழாயும் அதில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வும் வைத்ததுபோல. டிரான்சிஸ்டர் பார்ப்பது 12.7 வோல்ட் மட்டுமே.

டயோடைப் பற்றிக் கடைகளில் நிறையத் தவறான பேச்சு உலவுகிறது. ஆயிரக்கணக்கான வோல்ட் வருமே, அதனால் 1000 வோல்ட் தாங்கும் 4007தான் வேண்டும் என்பார்கள். டயோடு வழிவிடும் திசையில்தான் உதை வருகிறது. ஆகவே அந்த உயர்ந்த வோல்டேஜ் பிறக்கவே பிறக்காது. எதிர்த்திசையில் டயோடு தாங்க வேண்டியது உங்கள் 12 வோல்ட்டைத்தான். 50 வோல்ட் 1என்4001 போதும். 4007 எங்கும் கிடைக்கிறது, விலையும் கிட்டத்தட்ட அதுவே, அதனால் அதையே வாங்குங்கள். மின்னோட்டமும் அப்படித்தான்: அணைந்த நொடியில் டயோடில் ஓடுவது அதுவரை காயிலில் ஓடிய அதே 30 மில்லியாம்பியர், அதிலிருந்து இறங்குமே தவிர ஏறாது. சின்னக் கண்ணாடி டயோடான 1என்4148கூட இந்த ரிலேக்குத் தாங்கும். 4007 மெதுவான டயோடு, உதையைப் பிடிக்காது என்று இன்னொரு பேச்சு. அது மெதுவானது மூடுவதில், திறப்பதில் இல்லை. நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை காயிலை இயக்கி அணைக்கும் சர்க்யூட்டில் அந்த மெதுத்தன்மை கெடுதல் செய்யும். நாளுக்கு நாலு தடவை நிற்கும் மோட்டாருக்கு அது பொருட்டே இல்லை.

திசையை மட்டும் இரண்டு முறை பாருங்கள். தலைகீழாகப் போட்டால், டிரான்சிஸ்டர் இயங்கிய உடனே 12 வோல்ட் டயோடு வழியாக நேராகக் கிரவுண்டுக்கு இறங்கும். பிசி547 புகைந்துவிடும். வைக்கும் இடமும் முக்கியம். டயோடு ரிலேயின் கால்களை ஒட்டியே இருக்க வேண்டும். போர்டு ஓரிடத்திலும் ரிலே வேறிடத்திலும் இருந்தால் டயோடு ரிலேயிடம்தான் போக வேண்டும். சுற்றும் மின்னோட்டத்தின் வட்டம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு குறைவாக அது பக்கத்து வயர்களைக் கலக்கும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது சேலம் அம்மாபேட்டையில். விசைத்தறியில் மாட்டி டிசைன் போடும் ஒரு எலக்ட்ரானிக் ஜக்கார்டுப் பெட்டியின் டிரைவர் போர்டைச் சொந்தமாக வடிவமைத்தேன். ஒவ்வொரு கொக்கியையும் பிடித்து விடுவதற்கு ஒரு சின்ன மின்காந்தம். எல்லாம் 24 வோல்ட். யுஎல்என்2003 சிப்பைப் பயன்படுத்தினேன். அதற்குள் ஏழு டிரைவர்கள், ஒவ்வொன்றுக்கும் டயோடும் உள்ளேயே இருக்கிறது. டயோடு உள்ளே இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். அந்த டயோடுகளின் முனை எல்லாம் சேர்ந்து வெளியே வரும் 9ஆம் பின்னைக் காயிலின் பிளஸ் சப்ளையோடு இணைக்கவில்லை. இணைக்காத டயோடு இல்லாத டயோடுக்குச் சமம். மேஜையில் ஒரே ஒரு காந்தத்தை வைத்துச் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. தறியில் மாட்டிய பிறகு சேலையில் டிசைன் ஆங்காங்கே தவறியது. பிறகு சிப்கள் ஒவ்வொன்றாகப் போயின. நெசவாளர் பாவை, நூலை, தறியை எல்லாம் சந்தேகப்பட்டார். கெட்டுப்போன சேலைக்கு அவர்தான் முதலாளியிடம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு செம்புக் கோட்டை நான் வரையாமல் விட்டதற்கு அவர் பழி சுமந்தார். அன்றிலிருந்து ஒரு போர்டைக் கையில் எடுத்தால் முதலில் காயில்களை எண்ணுவேன். ஒவ்வொரு காயிலிலும் மின்னோட்டம் அணைந்ததும் எந்த வழியாகப் போகும் என்று விரலால் தடம் பிடித்துப் பார்ப்பேன்.

டயோடுக்கு ஒரு குறையும் உண்டு. மின்னோட்டம் மெல்லக் கரைவதால் ரிலே விடுபடுவது சில மில்லிசெகண்ட் தாமதமாகும், தொடர்புகள் பிரிவதும் சற்று மந்தமாகும். தண்ணீர்த் தொட்டிக்கு இதனால் ஒன்றுமில்லை. அடிக்கடி கனமான லோடை அறுக்கும் ரிலேயாக இருந்தால் தொடர்பில் பொறி நீண்டு தேய்மானம் கூடும். அப்போது டயோடோடு 24 வோல்ட் செனரை (அந்த வோல்டேஜைத் தாண்டினால் எதிர்த்திசையிலும் வழிவிடும் டயோடு) எதிரெதிராகத் தொடரில் சேர்ப்பார்கள். காயில் சீக்கிரம் அடங்கும். டிரான்சிஸ்டர் அப்போது பார்ப்பது 12, 24, 0.7 சேர்ந்து சுமார் 37 வோல்ட். பிசி547இன் 45க்குள் நிற்கிறது. உங்களுக்கு இது வேண்டாம்.

டிரான்சிஸ்டரே இல்லாமல் 5 வோல்ட் ரிலேயை நேராகப் பின்னில் மாட்டுபவர்களும் இருக்கிறார்கள். அந்த ரிலேயின் காயில் 70 ஓம். அது இழுப்பது 71 மில்லியாம்பியர். அட்மெகா328பியின் ஒரு பின்னுக்கு உச்ச வரம்பே 40. டயோடு போட்டாலும் அது தவறுதான்.

கடையில் விற்கும் ரிலே மாட்யூலில் டயோடும் டிரான்சிஸ்டரும் பெரும்பாலும் இருக்கும். ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளியால் மட்டும் கடத்தி இரண்டு பக்கத்தையும் பிரித்துவைக்கும் உறுப்பு) உள்ள மாட்யூலில் ஜேடி-விசிசி என்று எழுதிய இடத்தில் ஒரு ஜம்பர் இருக்கும். அதை அப்படியே விட்டால் ரிலேயும் மைக்ரோகண்ட்ரோலரும் ஒரே சப்ளையில்தான் இருக்கும், ஆப்டோகப்ளர் பிரித்துவைப்பதற்கு அர்த்தமே இல்லாமல் போகும். ஜம்பரை எடுத்துவிட்டு ரிலே பக்கத்துக்குத் தனி சப்ளை கொடுங்கள். இரண்டு சப்ளையின் கிரவுண்டையும் சேர்க்காதீர்கள்.

இனி இரண்டாவது காயில். உங்கள் போர்டு மேஜையில் ஓடியதற்கும் மோட்டார் அறையில் செத்ததற்கும் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. மேஜையில் காண்டாக்டர் இல்லை. மோட்டார் அறையில், ரிலேயின் தொடர்பு பிரியும்போது காண்டாக்டரின் பெரிய காயில் தன் மின்னோட்டத்தை விட மறுக்கிறது. ரிலேயின் தொடர்புகளுக்கிடையே பொறி பாய்கிறது, அணைகிறது, மீண்டும் பாய்கிறது. ஒரு மில்லிசெகண்டுக்குள் பலமுறை இப்படி நடக்கும். ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி வானொலி நிலையம். பக்கத்திலேயே, அதே பெட்டிக்குள், சென்டிமீட்டர் தூரத்தில் உங்கள் மைக்ரோகண்ட்ரோலர் இருக்கிறது. அதன் ரீசெட் பின்னும் சென்சார் வயரும் அந்த அலையை ஆன்டெனாபோல வாங்கிக்கொள்கின்றன.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. மெயினை அணைத்துவிட்டுக் காண்டாக்டருக்குப் போகும் வயரைக் கழற்றி இன்சுலேஷன் சுற்றி வையுங்கள். போர்டை மட்டும் ஓடவிட்டு ரிலேயை இயக்கி அணையுங்கள். இப்போதும் அணையும்போது ரீசெட் ஆனால் குற்றவாளி சின்ன ரிலே, டயோடு அதை அடக்கும். ரிலே மட்டும் தட்டும்போது எதுவும் ஆகாமல், காண்டாக்டரை மாட்டியதும் ரீசெட் ஆனால் குற்றவாளி அந்தப் பெரிய காயில். ரீசெட் அணையும்போது வராமல் இயங்கும்போது வந்தால் சப்ளையைச் சந்தேகப்படுங்கள். ரிலே இழுக்கும் நொடியில் வோல்டேஜ் இறங்குகிறது என்று பொருள்.

காண்டாக்டர் காயிலின் ஏ1, ஏ2 முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோபாரட் கெபாசிட்டரும் 100 ஓம் ரெசிஸ்டரும் தொடரில் சேர்ந்த ஸ்னப்பரை (உதையை உறிஞ்சும் ஜோடி) போடுங்கள். ஜீப்பின் கண்டென்சருக்கு உறவுக்காரன் என்றேனே, இதுதான். கெபாசிட்டர் மேல் எக்ஸ்2 என்றும் 275 வோல்ட் ஏசி என்றும் அச்சிட்டிருக்க வேண்டும். பழைய போர்டிலிருந்து பிடுங்கிய 400 வோல்ட் டிசி கெபாசிட்டரை அங்கே வைக்காதீர்கள். அது நாள்முழுதும் ஏசி மெயினில் இருக்கச் செய்யப்பட்டதல்ல. உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். கூடவே 14டி471 என்ற வேரிஸ்டர் (வோல்டேஜ் எல்லை மீறினால் வழிவிட்டு அடக்கும் உறுப்பு) ஒன்றையும் அதே முனைகளில் பியூஸுக்குப் பின்னால் வையுங்கள். அது 300 வோல்ட் ஏசி வரை சும்மா இருக்கும். ஊர்க்கடைசி லைனில் இரவு வோல்டேஜ் ஏறும் என்பதால் 275இல் நிற்கும் 431ஐவிட இதுவே எனக்குப் பிடிக்கும். காண்டாக்டர் செய்யும் கம்பெனிகளே சர்ஜ் சப்ரசர் என்று ஆயத்தமாகவும் விற்கின்றன. அதை அப்படியே செருகலாம்.

ஸ்னப்பரை ரிலே தொடர்புக்குக் குறுக்கே போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். போடுபவர்கள் உண்டு. ஆனால் தொடர்பு திறந்திருக்கும்போதும் அந்தக் கெபாசிட்டர் வழியாக 7 மில்லியாம்பியர் கசியும். சின்னக் காண்டாக்டர் அந்தக் கசிவிலேயே விடுபடாமல் முனகிக்கொண்டிருக்கலாம். காயிலிடமே போட்டால் இந்தத் தொல்லை இல்லை. உதை பிறக்கும் இடத்திலேயே அதைப் பிடித்துவிடுகிறோம்.

உங்களுடையது ஒற்றை பேஸ் மோட்டார், 230 வோல்ட் காயில். பக்கத்துத் தோட்டத்தில் யாராவது இதைப் பார்த்து மூன்று பேஸ் ஸ்டார்ட்டரில் அப்படியே செய்யக் கூடாது. அங்கே காயில் பெரும்பாலும் 415 வோல்ட். உங்கள் போர்டில் இருக்கும் நீலப் பெட்டி ரிலேயின் தொடர்புக்கு வரம்பு 250 வோல்ட் ஏசி. நான் மேலே சொன்ன கெபாசிட்டரும் வேரிஸ்டரும்கூட அங்கே ஆகாது. காயிலை 230க்கு மாற்றுவதுதான் முறை, அதையும் எலக்ட்ரீஷியன் கையால்.

போர்டில் இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது. சிப்பின் சப்ளைக் கால்களை ஒட்டி 100 நானோபாரட் செராமிக் கெபாசிட்டர். ரிலேயின் 12 வோல்ட்டில் 470 மைக்ரோபாரட். ரீசெட் பின்னிலிருந்து 5 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம். ரிலேயின் கிரவுண்டும் சிப்பின் கிரவுண்டும் தனித்தனி வயராகப் போய்ச் சப்ளையில் மட்டும் சேரட்டும். மெயின் வயரையும் சிக்னல் வயரையும் ஒரே கட்டாகக் கட்டாதீர்கள்.

தொட்டியிலிருந்து வரும் சென்சார் வயர்தான் உங்கள் இடத்தில் எனக்கு அதிகக் கவலை தருகிறது. மேட்டிலிருந்து மோட்டார் அறை வரை மோட்டார் கேபிளோடு ஒட்டியே வந்தால் வழிநெடுக அதன் கலக்கத்தை வாங்கிக்கொண்டு வரும். தனிப் பாதையில், முறுக்கிய இரட்டை வயராகக் கொண்டுவாருங்கள். போர்டுக்குள் நுழையும் இடத்தில் 1 கிலோ ஓம் தொடரில், பிறகு 100 நானோபாரட் கிரவுண்டுக்கு. கோடை மழையில் சேர்வராயன் மலையில் இடி இறங்கும் மாலைகளில், இந்த டயோடோ வேரிஸ்டரோ காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். அந்த நேரத்தில் சென்சார் வயரைக் கழற்றி வைப்பதற்கு ஒரு பிளக்–சாக்கெட் வைத்துவிடுங்கள். மேகம் திரளும் முன்பே கழற்றிவிட வேண்டும். இடி இடிக்கத் தொடங்கிய பிறகு அந்த வயரைத் தொடக் கூடாது.

புதிய சிப்பை வைத்ததும் நேரே மோட்டாரோடு இணைக்காதீர்கள். காண்டாக்டர் காயில் மட்டும் இயங்க, மோட்டார் வயர் கழன்றிருக்க, பத்து நொடிக்கு ஒருமுறை இயக்கி அணைக்கும்படி ஒரு சின்ன நிரல் எழுதி இருநூறு முறை ஓடவிடுங்கள். சிப் தொடங்கும்போது மட்டும் ஒரு எல்இடி மூன்று முறை மின்னட்டும். இருநூறு தடவைக்குள் அந்த எல்இடி இரண்டாம் முறை மின்னினால் ரீசெட் இன்னும் இருக்கிறது. அப்போது சென்சார் வயரைக் கழற்றிவிட்டு அதே இருநூறை மறுபடி ஓட்டுங்கள். இரண்டு ஓட்டத்திலும் என்ன ஆனது என்று எழுதியனுப்புங்கள், போர்டின் இரண்டு பக்கப் படத்தோடு.